மயக்கம், வாயு, காமாலை, அக்கி: வீட்டில் சொல்லும் பெயருக்கு மருத்துவத்தில் என்ன பொருள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

காய்ச்சல், தலைசுற்றல், மஞ்சள் காமாலை எல்லாம் நோய்தானே? பிறகு எதற்கு டாக்டர் இத்தனை டெஸ்ட் எழுதுகிறார்?

மூன்றுமே நோய் அல்ல, அறிகுறிகள். உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்பதற்கு வெளியே தெரியும் அடையாளம் அறிகுறி. உள்ளே நடப்பதுதான் நோய். ஒரே அறிகுறிக்குப் பின்னால் பத்து நோய்கள் இருக்கலாம். அவற்றில் இரண்டு தானாகச் சரியாகும், ஒன்று ஆளையே கொண்டுபோகும்.

சிக்கல் பெயரில் தொடங்குகிறது. "வாயுப் பிடிப்பு" என்று பெயர் வைத்துவிட்டால் கை ஓமத்தண்ணீரைத் தேடும். "காமாலை" என்றதும் பச்சிலைக்குக் கிளம்பிவிடுவோம். டாக்டரிடம் பெயரைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்: எப்போது தொடங்கியது, என்ன செய்யும்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எதனால் கூடியது அல்லது குறைந்தது.

கீழே அவசரம் என்று சொல்லும் இடத்திலெல்லாம் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

"மயக்கமா வருது" என்றால் டாக்டர் ஏன் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்கிறார்?

அந்த ஒரு சொல்லில் குறைந்தது நான்கு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, கண் இருட்டிக்கொண்டு வந்து சாய்வது. மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைவதால் வருவது இது. வெயிலில் வரிசையில் நெடுநேரம் நிற்பது, ரத்தத்தைப் பார்ப்பது, படுக்கையிலிருந்து சட்டென்று எழுவது போன்றவை தூண்டும். கீழே படுக்க வைத்துக் கால்களை ஓர் அடி உயர்த்தினால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். ஆனால் நாம் செய்வது நேர் எதிர்: தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து வாயில் சோடாவை ஊற்றுகிறோம். உட்காரவைத்தால் மூளைக்கு ரத்தம் ஏறுவது இன்னும் தாமதமாகும். ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். வயதானவர் என்றால் படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 இறங்கினால், சாப்பிடும் பிரஷர் மாத்திரையையோ பிராஸ்டேட் மாத்திரையையோ சந்தேகப்பட வேண்டும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தாலோ, மாடி ஏறும்போது விழுந்தாலோ, நெஞ்சு படபடத்து விழுந்தாலோ அது இதயத் துடிப்பின் கோளாறாக இருக்கலாம். அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும்.

இரண்டாவது, கிறுகிறுப்பு. நினைவு தப்பாது, ஆனால் வீடே சுற்றும். படுக்கையில் புரண்டால், அண்ணாந்து பரணைப் பார்த்தால் சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா? உள்காதில் மணல்போல் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்மாறிப் போயிருக்கின்றன. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிப் படுக்கவைக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஐந்தே நிமிடத்தில் செய்து துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார். மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்குவதால் துகள் நகராது. சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, நேராக நடக்க முடியாமல் போனாலோ அது காது அல்ல, மூளை. உடனே ஆம்புலன்ஸ்.

மூன்றாவது சர்க்கரை இறங்குவது, நான்காவது வலிப்பு. இரண்டையும் கீழே தனியாகச் சொல்கிறோம்.

நெஞ்சு வலி வாயுவா, மாரடைப்பா? வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

இல்லை. ஈசிஜி இல்லாமல் டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அடையாளங்கள் உண்டு. மாரடைப்பில் வலியைவிட அழுத்தம்தான் அதிகம். நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல் இருக்கும். இடது கை, தாடை, முதுகு, சில சமயம் மேல் வயிறுவரை பரவும். சட்டை நனையும் அளவு குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் வரும். நெஞ்செரிச்சல் சாப்பிட்ட பிறகு, படுத்ததும், புளித்த ஏப்பத்தோடு கீழிருந்து மேலே ஏறும். தசைப்பிடிப்பு என்றால் விரலால் அழுத்தும் அதே இடத்தில் வலிக்கும். ஆனாலும் இவற்றை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல், வெறும் அசதியும் வியர்வையும் மூச்சிரைப்புமாக மாரடைப்பு வருவதுண்டு. அவர்கள்தான் "வாயு" என்று விடியும்வரை காத்திருக்கிறார்கள்.

உட்காரவையுங்கள், நடக்கவிடாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். வழியில் துடிப்பு நின்றால் பைக்கில் ஒன்றுமே செய்ய முடியாது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, வயிற்றில் ரத்தக் கசிவோ இல்லாதவருக்கு ஆம்புலன்ஸ் ஆட்கள் சொன்னால் 325 மி.கி. ஆஸ்பிரின் ஒன்றை, அல்லது 150 மி.கி. இரண்டை, மென்று விழுங்கக் கொடுக்கலாம். மென்றால்தான் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது இன்னும் இறக்கிவிடும்.

தமிழ்நாட்டில் 2023 முதல் "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகள் கொடுக்கிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: முதல் ஈசிஜி நார்மல் என்றால் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வலி இருந்தால் மறுபடி ஈசிஜியும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும்.

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றா?

வேறு வேறு. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. இதயம் துடித்துக்கொண்டிருக்கும், ஆள் பேசுவார். இதயம் நின்றவர் தட்டிக் கூப்பிட்டாலும் அசையமாட்டார், மூச்சு இருக்காது அல்லது விட்டுவிட்டு ஏங்கும். நடு நெஞ்சில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டால் அது பக்கவாதமா, முகவாதமா?

நெற்றியைப் பாருங்கள். புருவத்தை உயர்த்தச் சொல்லும்போது கோணிய பக்கத்து நெற்றியில் சுருக்கமே விழாமல், கண்ணையும் மூட முடியவில்லை என்றால் பெரும்பாலும் முகநரம்பின் வாதம். நெற்றி இரு பக்கமும் சுருங்கி, வாய் மட்டும் கோணினால் மூளைப் பக்கவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் எதைப் பார்க்கிறார் என்று புரிவதற்காகவே இதைச் சொல்கிறோம். நீங்களே தீர்ப்பெழுத அல்ல. இரண்டுக்குமே உடனே போக வேண்டும்.

வாய் கோணல், ஒரு கை தூக்கினால் கீழே விழுவது, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அவசரம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கணக்கு தொடங்குவது நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. காலையில் எழும்போதே கோணியிருந்தால் இரவு படுக்கப்போன நேரம்தான் கணக்கு. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிடி ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். மாரடைப்புக்குச் சொன்ன ஆஸ்பிரினை இங்கே கொடுக்கக் கூடாது. அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் பார்த்த பிறகுதான் தெரியும். தண்ணீரும் வேண்டாம், விழுங்கும் தசை செயலிழந்திருக்கலாம். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே போங்கள். பெரிய பக்கவாதத்துக்கு முன் வரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

எத்தனை டிகிரி இருந்தால் காய்ச்சல்? குழந்தைக்கு எவ்வளவு மருந்து?

100.4 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்துச் சொல்வது கணக்கில் வராது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த அளவு வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனை.

பாராசிட்டமால் அளவு வயதைப் பொறுத்தது அல்ல, எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 15 மி.கி., ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. இனிமேல்தான் தப்பு நடக்கிறது. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் அது 3 மி.லி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி.க்குச் சற்றே கூடுதல். ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும் சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மி.லி. மட்டும். போன தடவை வாங்கியது சிரப், இந்தத் தடவை சொட்டு மருந்து. அதே அளவை ஊற்றினால் கல்லீரலுக்கு ஆபத்து. பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், கூடவரும் அளவுக் குப்பியையோ சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள்.

டெங்கு பருவத்தில் இன்னொன்று. டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும்போது இல்லை, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது. "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று நிம்மதியாகும் அந்த நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் சரியும். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுப்பது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் சேர்த்துவிடுங்கள். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்து குடிக்கக் கொடுப்பதை விட்டுவிடுகிறார்கள். உயிரைக் காப்பது திரவம்தான்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்கலாமா?

வேண்டாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வரும் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடத்தில் தானே நிற்கும். அந்த நேரத்தில் கையில் சாவி இருந்ததால் சாவிக்குப் பெயர் கிடைத்தது. சாவி கையைக் கிழிக்கும், வாயில் திணிக்கும் ஸ்பூன் பல்லை உடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், சுற்றி உள்ள பொருட்களை நகர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். ஒருவர் போனில் வீடியோ எடுத்தால் நல்லது. டாக்டருக்கு எந்த வர்ணனையையும்விட அது உதவும். முதல் முறை வந்தால், நின்றுவிட்டாலும் அன்றே காட்டுங்கள்.

மஞ்சள் காமாலைக்குப் பச்சிலைதான் மருந்து என்கிறார்களே?

பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ரத்தத்தில் கூடினால் கண்ணின் வெள்ளை விழி மஞ்சளாகும். ஒரு டெசிலிட்டரில் ஏறக்குறைய 1 மி.கி. வரை சாதாரணம், 2–3 தாண்டினால் கண்ணுக்குத் தெரியும். கேரட்டும் பப்பாளியும் அதிகம் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும், கண் ஆகாது. இங்கே நிறம் ஒன்று, காரணம் பல: அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) ஏ, ஈ, ரத்தத்தால் பரவும் பி, சி, குடி, மருந்துகள், பித்தப்பைக் கல், கணையத்தில் கட்டி, ரத்த அணுக்கள் உடைவது.

ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அந்தச் சில வாரமும் பச்சிலை குடித்தவர் பச்சிலையால் பிழைத்தேன் என்று நம்புகிறார், ஊருக்கும் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்தவருக்கு இருப்பது பித்தநாளத்தில் அடைப்பாக இருந்தால் அந்தச் சில வாரம் போய்விடும். உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துக் களிமண்போல் போவது, சிறுநீர் கறுத்துப் போவது இருந்தால் அடைப்பை நினையுங்கள், ஸ்கேன் எடுங்கள். தூக்கக் கலக்கமும் உளறலும் கல்லீரல் செயலிழப்பின் அடையாளம். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ உயிருக்கே ஆபத்தானது. கண்ணிலும் மூக்கிலும் சாறு விடுவது, கையில் சூடு போடுவது எதுவும் வேண்டாம். உப்பில்லாப் பத்தியமும் தேவையில்லை, வழக்கமான சாப்பாடு போதும்.

பிறந்த குழந்தை தனிக்கதை. 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், அல்லது உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால், வெயிலில் காட்டிக்கொண்டு இருக்காதீர்கள். நீல ஒளிச் சிகிச்சைக்கு ஜன்னல் வெயில் மாற்று இல்லை. இரண்டு வாரம் கழித்தும் மஞ்சள் இருந்து மலம் வெள்ளையாகப் போனால் பித்தநாளம் உருவாகாமல் இருக்கலாம். அறுவைச் சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன்.

"சுகர் பார்டரில் இருக்கு" என்றால்?

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது ஹெச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை. 126 அல்லது 6.5 தொட்டால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்வார்கள். பார்டர் என்பது தப்பித்தோம் என்று பொருளல்ல. எடையும் நடையும் பலன் தரும் கட்டம் அதுதான்.

70க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், எரிச்சல் வரும், பேச்சு தடுமாறும். 15 கிராம், அதாவது 3 அல்லது 4 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையால் இறங்கியிருந்தால் ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். மருத்துவமனையில் இருப்பதே நல்லது.

பிரஷர் வீட்டில் ஒரு எண், ஆஸ்பத்திரியில் ஒரு எண். எது சரி?

சரியாகப் பார்த்தது எதுவோ அது. காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு உயரத்தில் மேசையில் வைத்து, பேசாமல் பாருங்கள். கை தொங்கினாலும், பட்டை சிறியதாக இருந்தாலும் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். வேறு வேறு நாளில் 140/90 தாண்டினால் உயர் ரத்த அழுத்தம். தலை சுற்றினால்தான் பிரஷர் என்பது தவறு, பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. "நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை விட்டுட்டேன்" என்பவர்களுக்கு நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான்.

"ரத்தம் கம்மி" என்றால் பீட்ரூட், மாதுளை போதுமா?

சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறாது. இரண்டிலும் இரும்புச்சத்து குறைவு. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிக்கு 11 என்பதற்குக் கீழே போனால் ரத்தசோகை. பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். திட்டாதீர்கள், பரிசோதியுங்கள். இரும்பு மாத்திரைக்கும் டீ, காபிக்கும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாக உறிஞ்சும். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். எண் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு ரத்தம் குறைந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல், குடலில் எங்கே கசிகிறது என்று தேடச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கொடுத்தும் நிற்கவில்லையே?

ஓஆர்எஸ் போக்கை நிறுத்தும் மருந்தே இல்லை. போன நீரையும் உப்பையும் திருப்பித் தருவது. பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு செறிந்து குழந்தைக்குக் கேடு செய்யும். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 20 மி.கி., 14 நாள். கண் குழிவிழுந்தாலோ, அழுதால் கண்ணீர் வராவிட்டாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ ஆஸ்பத்திரி.

அக்கிக்குக் காவி எழுதினால் போகுமா?

அக்கி என்று நாம் சொல்வது பெரும்பாலும் சின்னம்மைக் கிருமி மறுபடி விழிப்பது. சிறுவயதில் வந்த அம்மைக் கிருமி நரம்பு வேரில் ஒளிந்திருந்து, வயதாகும்போதோ எதிர்ப்புசக்தி குறையும்போதோ அந்த ஒரு நரம்பின் வழியே இறங்கும். அதனால்தான் உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டைபோல் கொப்புளம் வருகிறது. கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடம் எரியும். காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ந்துவிடும். ஆனால் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் கொப்புளமும் வலியும் சீக்கிரம் அடங்கும். எழுதக் காத்திருப்பதில் போவது இந்த 72 மணி நேரம்தான். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றே கண் மருத்துவர். கொப்புளம் காயும்வரை, அம்மை வராத கர்ப்பிணியும் கைக்குழந்தையும் பக்கத்தில் வேண்டாம்.

மூலம், வெடிப்பு, பவுத்திரம்: மூன்றும் ஒன்றா?

மூன்றையும் "மூலம்" என்றே சொல்லிவிடுகிறோம். வலியில்லாமல் மலத்தின்மேல் ரத்தம் சொட்டினால் பெரும்பாலும் மூலம், அதாவது வீங்கிய ரத்தக்குழாய்கள். மலம் போகும்போது கண்ணாடித் துண்டு அறுப்பதுபோல் வலித்து, பிறகும் ஒரு மணி நேரம் எரிந்தால் ஆசனவாய் வெடிப்பு. பக்கத்தில் சிறு துளை உண்டாகி, உள்ளாடையில் சீழ்க்கறை படிந்துகொண்டே இருந்தால் பவுத்திரம். இது களிம்பால் மூடாது, அறுவைச் சிகிச்சைதான்.

முதல் இரண்டுக்கும் மலம் இளகினாலே பாதி குணம். கீரை, முழுதானியம், தண்ணீர், கழிப்பறையில் போனோடு உட்காராமல் எழுவது, தினமும் இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்காருவது. ரத்தம் வருகிறது என்பதாலேயே மூலம் என்று முடிவுகட்டி, பரிசோதனையே இல்லாமல் ஊசி போடும் இடங்களுக்குப் போகாதீர்கள். 45 வயதுக்கு மேல் ரத்தம் வந்தாலோ, மலம் போகும் வழக்கம் மாறினாலோ, எடை இறங்கினாலோ விரல் பரிசோதனையும் பெருங்குடல் எண்டோஸ்கோப்பியும் கேளுங்கள். வெட்கத்தால் இதைச் சொல்லாமலே வருடக்கணக்கில் களிம்பு தடவுகிறவர்கள் பலர். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.